காணாமற்போன பல்

நம்முடைய அருமை நண்பர் ஒருவர் சென்ற வாரம் காரியாலயத்துக்கு வந்திருந்தார். மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்கும்படி வருகிற மனிதர் அவர். அன்றைக்கோ நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகும் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த பெரிய உறையைப் பிரித்து, எக்ஸ்-ரே படம் ஒன்றை எடுத்து மேஜைமீது வைத்தார்.

"மூத்த பெண்ணின் வாய்" என்றார்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். பற்களெல்லாம் வரிசையாகத்தான் நின்றன. ஆனால் மேல்வரிசைக்கும் மேலே, எலும்புக்குள், ஒரு முழுப் பல் சாய்ந்து படுத்திருந்தது. அது வரவேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு பால் பல் ஒன்று, 22 வயதுப் பெண்ணின் வாயில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

"முத்து மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் அதை அதிர்ஷ்டப் பல் என்று கொண்டாடினோம். போன மாதம் அது ஆடத் தொடங்கிற்று. வைத்தியரிடம் போனால், உள்ளே படுத்திருக்கும் பல் பக்கத்துப் பல்லின் வேரில் பாதியைத் தின்றுவிட்டது என்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வலித்திருக்கக் கூடாதா, ஐயா?" என்றார் நண்பர்.

இந்தக் கேள்விதான் நம்மை இந்த வாரம் எழுதத் தூண்டியது. வலிக்கிற பல்லுக்கு நம் வீடுகளில் உபசாரத்துக்குக் குறைவில்லை. கிராம்புத் தைலம் முதல் வைத்தியருடைய குறடு வரையில் எல்லாம் வரிசையாக வந்துவிடும். வலிக்காத பல்லைப் பற்றித்தான் நமக்குக் கவலையே கிடையாது.

மேல்தாடையில் முன்பற்கள் நான்குக்கும் இரு புறத்திலும் காவற்காரர்களைப் போல் நிற்கும் கூர்மையான பற்களுக்குக் கோரைப் பல் என்று பெயர். வாயில் உள்ள பற்களில் மிக நீளமான வேர் உடையது இதுதான். இது உருவாகும் இடமோ மூக்கின் ஓரத்தில், கண்ணுக்குக் கீழே, வெகு உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கி ஈறுக்கு வந்து சேர, மற்றப் பற்களைக் காட்டிலும் அது நீண்ட யாத்திரை செய்தாக வேண்டும். மேல் முன்பற்கள் 7, 8 வயதில் வந்துவிடுகின்றன. கோரைப் பல் வருவதற்கு 11 அல்லது 12 வயது ஆகிறது.

கடைசியில் ரயில் ஏறுகிறவனுடைய கதி என்ன ஆகும் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. பெஞ்சில் இடம் இல்லாவிட்டால் அவன் சாமான் பலகைமீது ஏறி உட்காருகிறான். நாம் சிங்கப் பல் என்றும் தெற்றுப் பல் என்றும் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இப்படிச் சாமான் பலகைமேல் ஏறிய கோரைப் பல்தான். அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் யாராவது ஒருவர் அதைப் பற்றிப் பேசுவார். வேறு ஒரு ரகமான பிரயாணி இருக்கிறான். வண்டியில் இடம் இருந்தும், வழி தவறி வேறு பிளாட்பாரத்துக்குப் போய் நின்றுவிடுகிறான். மேலண்ணத்தின் பக்கமாகத் திரும்பி எலும்புக்குள்ளேயே தங்கிவிடும் கோரைப் பல் இந்த ரகத்தைச் சேர்ந்தது. வரிசையில் இடம் இருக்கும்போதே அநேகமாக இப்படி நேருகிறது. ஞானப் பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் புதைந்துபோவது மேல் கோரைப் பல்லேயாகும். நூறு பேரில் ஓரிருவருக்கு இவ்விதம் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவருக்கும் இருக்கக் கூடும்.

வழி தவறிய பல் சும்மா கிடந்தாலும் பாதகமில்லை. சில சமயம் அது பக்கத்து முன்பல்லின் வேரோடு உராய்ந்து, அந்த வேரையே கரைத்துவிடுகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. வேர் போன பல், பார்வைக்கு முன்போலவே வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையா என்றால், ஆரம்பத்தில் அதற்கு ஒரு விரல் போதும். குழந்தைக்கு 10 வயது ஆனதும் மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப் பல்லுக்கு மேலே, கன்னத்துப் பக்கம் உள்ள ஈறைச் சுண்டுவிரலால் தடவிப் பார்க்க வேண்டியது. உள்ளே வரும் பல் ஒரு சிறு மேடாகத் தட்டுப்படும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் தட்டுப்படாவிட்டாலும், ஒரு பக்கத்துப் பால் பல் விழுந்து வெகு நாளான பிறகும் மறுபக்கத்துப் பல் ஆடாமலே இருந்தாலும், பல் வைத்தியரிடம் காட்டி எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அந்த வயதில் காட்டுவதால் என்ன லாபம்? ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த எரிக்ஸன், குரோல் என்னும் இரு நிபுணர்கள் 1988-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. 10 முதல் 13 வயதுக் குழந்தைகளில், அண்ணத்தின் பக்கம் வழி தவறிக்கொண்டிருந்த 46 கோரைப் பற்களை அவர்கள் கவனித்தார்கள். அவர்கள் செய்த சிகிச்சை ஒன்றே ஒன்றுதான்: அந்த இடத்துப் பால் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். 46-ல் 36 பற்கள் தாமாகவே திரும்பிச் சரியான வழிக்கு வந்துவிட்டன. பல் எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக வழி தவறியிருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு பலன் அதிகமாயிருந்தது. எல்லாக் குழந்தைக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. எக்ஸ்-ரே பார்த்து வைத்தியர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. ஆனால் ஒரு பால் பல்லைப் பிடுங்குவதுடன் தீரக்கூடிய காரியத்தைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நண்பருடைய பெண்ணுக்கு இப்போது ஈறைக் கீறி, அண்ணத்து எலும்பைச் சிறிது விலக்கி, புதைந்த பல்லின் தலையில் ஒரு சிறு பொத்தானை ஒட்டி, அதில் மெல்லிய சங்கிலியைக் கோத்து வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு மற்றப் பற்களுக்குக் கம்பி கட்டி, அந்தக் கம்பியின் பலத்தால் சங்கிலியை இழுக்க வேண்டும். இதற்கு இரண்டு வருஷமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். வயது ஏற ஏறப் பல் எலும்போடு ஒட்டிப்போய், அசையவே மறுப்பதும் உண்டு. கரைந்த வேர் திரும்ப வளரப் போவதில்லை.

"இரண்டு வருஷமா? பலமாக இழுத்தால் ஆறு மாதத்தில் வந்துவிடாதா?" என்று நண்பர் வைத்தியரைக் கேட்டாராம். கல்யாண முகூர்த்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற பெற்றோர் அநேகர். அவர்களுக்காகப் பல் எப்படி நகர்கிறது என்பதைச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

பல்லைச் சுவரில் அறைந்த ஆணி என்று நாம் எண்ணியிருக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் கனமுள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல் அதில் ஊஞ்சலைப் போல் தொங்குகிறது. கம்பி மெதுவாக ஒரு திசையில் அழுத்தும்போது, அந்தப் பக்கத்து எலும்பை ஒரு வகை உயிரணுக்கள் அரித்து வழி விடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு வகை உயிரணுக்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. ஆகவே பல்லை நகர்த்துவது கம்பியல்ல, உடம்பே நகர்த்துகிறது. கம்பி அதற்கு உத்தரவு போடுகிறது, அவ்வளவுதான். மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் அதன் வேகம். அவசரப்பட்டுப் பலமாக இழுத்தால் படலத்தின் இரத்த ஓட்டம் நின்று பல் நகராமல் போகும். வேரும் தேயக் கூடும். வேலை முடிந்த பிறகும், புது எலும்பும் நாரும் உறுதிப்படும் வரையில் பல்லைப் பிடித்து வைக்கும் கருவியை அணிய வேண்டும். அதை அலமாரியில் போட்டுவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பத் தொடங்கும்.

இந்தச் சாஸ்திரம் நேற்றுப் பிறந்ததல்ல. பிரான்ஸ் தேசத்து பியேர் ஃபோஷார் 1728-லேயே வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறையை எழுதி வைத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஏங்கிள் 1899-ல், கடைவாயில் 6 வயதில் முளைக்கும் முதற் பெரும்பல்லை அளவுகோலாகக் கொண்டு, கடிப்பின் கோணல்களை மூன்று வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. நம் தேசத்தில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினார். அந்நிய ஆட்சியின் கையை எதிர்பாராமல், 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்னும் கடை நடத்தி, அந்த வருமானத்தைக் கொண்டு அவர் கல்லூரியை வளர்த்தார் என்பது பெருமைக்குரிய செய்தி. சென்னையில் 1953-ல் அரசாங்கப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. இத்தகைய அரசாங்கக் கல்லூரிகளில் தனியாரிடம் ஆவதைவிடக் குறைந்த செலவில் கம்பி கட்டிக்கொள்ளலாம். பணம் உள்ளவர்களுக்கு மட்டும் ஏற்பட்ட வைத்தியம் இது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறோம். நம் வீடுகளில் பல்வரிசையைப் பற்றிய கவலை, பெண் பார்க்க வருகிறவர்கள் தேதி குறித்த பிறகே உண்டாகிறது. பெண்ணின் பல்லை ஆராய்கிறவர்கள் மாப்பிள்ளையின் பல்லைப் பற்றி விசாரிப்பதில்லை. அவருடைய எத்துப் பல்லை மீசை மறைத்துவிடுகிறது போலும்! பல்வரிசை அழகுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. முன்னே நீண்ட பற்கள், ஓடி ஆடும் பையன் கீழே விழுந்தால் முதலில் உடைகின்றன. நெருக்கிப் பின்னிய பற்களைச் சுத்தம் செய்வது கஷ்டம். ஆணோ பெண்ணோ, 7 வயதில் ஒரு தடவையும் 10 வயதில் ஒரு தடவையும் வைத்தியர் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் அலட்சியத்தின் எதிர்க்கரை அவசரம். முன்பற்கள் நெருங்குவதற்கு ஞானப் பல்லின்மேல் பழி சுமத்தி, அதைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. நோயில்லாமல் புதைந்திருக்கும் ஞானப் பல்லை வெறும் முன்ஜாக்கிரதைக்காக எடுக்க வேண்டாமென்று இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டில் முறை வகுத்தார்கள். புதைந்த பல் எல்லாம் பொல்லாத பல் அல்ல. எது பொல்லாதது என்பதைக் காலத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் விவேகம்.

இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டு வந்தபோது நண்பர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் சின்னப் பையனுக்கு என்ன வயது?" என்று கேட்டோம்.

"வருகிற ஆவணிக்குப் பத்து முடிகிறது" என்றவர், சட்டென்று உறையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். காப்பி வருகிறது என்று சொல்லியும் நிற்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. "இடது பக்கம் மேடு தெரிகிறது. வலது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நாளைக் காலையில் படம் எடுக்கப் போகிறோம்" என்றார். குரலில் கவலை இருந்தது. ஆனால் காலையில் இருந்த கவலை அல்ல. அது காலம் கடந்துபோன கவலை. இது காலத்தில் வந்த கவலை.

நேயர்கள் வீட்டிலும் பத்து வயதுக் குழந்தை இருக்கக் கூடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறபோது, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, அந்த மேல் உதட்டைச் சற்றுத் தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.