கண்ணாடிக் கடைக்கு ஸ்கேலோடு போங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது தாண்டியவர்களாவது பொறுமையாகப் படியுங்கள்.

"செல்போன், கம்ப்யூட்டர் பார்த்தா கண்ணு வலிக்குது" என்று கண்ணாடிக் கடைக்குப் போனால், பெரும்பாலும் இரண்டைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். ஒன்று 'ப்ளூ கட்', இன்னொன்று 'ப்ரோக்ரெசிவ்'. எதை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. என் ஆதங்கமே இதுதான்.

பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்தியவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. லென்சின் திறன் என்பது மீட்டரில் உள்ள குவிய தூரத்தின் தலைகீழ். புத்தகத்தை 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 1/0.40, அதாவது 2.5 டயாப்டர். கம்ப்யூட்டர் திரை 66 செ.மீ. தள்ளி இருந்தால் சுமார் 1.5தான். சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்சே பருத்து இந்த வேலையைச் செய்துவிடும். வயது ஏற ஏற அது விறைத்துப் போகிறது. வெள்ளெழுத்து, சாளேசுவரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். தூரப்பார்வை சரியாக உள்ள அறுபது வயதுக்காரர் +2.50 போட்டுக்கொண்டு திரை முன் உட்கார்ந்தால் எழுத்து மங்கும். அவராகவே முன்னால் குனிவார். சாயங்காலம் தலைவலி.

ப்ரோக்ரெசிவ் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 1959இல் பிரான்சில் பெர்னார் மெத்தெனாஸ் கொண்டுவந்த வாரிலக்ஸ் அருமையான கண்டுபிடிப்பு. மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் இடைத்தூரம், கோடே தெரியாது. கடைவீதிக்கும் கல்யாண வீட்டுக்கும் சௌகரியம். ஆனால் அந்த நடுப்பாதை குறுகலானது, இரண்டு ஓரங்களிலும் மங்கல் இருந்தே தீரும். திரையோ நேர் எதிரில் இருக்கிறது. தாடையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு கணக்கு எழுதப் போனார். கழுத்து வலிக்கு எலும்பு டாக்டர், தைலம், தலையணை மாற்றம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் திரைக்கென்று தனியாக ஒற்றைப் பவர் கண்ணாடி போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். விலையும் ப்ரோக்ரெசிவை விட மிகக் குறைவு!

புத்தகம், திரை இரண்டும் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு 'ஆபீஸ் லென்ஸ்' என்றே ஒன்று உண்டு. கீழே படிக்க, மேலே திரைக்கு. தூரம் தெளிவாகத் தெரியாது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

ப்ளூ கட்? 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023 காக்ரேன் அறிக்கை, சாதாரண லென்சை விட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைகிறது, கண் காய்கிறது. அதற்கு லென்ஸ் என்ன செய்யும்? 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள், காசு கிடையாது.

பிளாட்பாரத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி அவசரத்துக்கு ஓகே. ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. அதை நம்பிக் கண் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். கண் நீர் அழுத்த நோய் வலியே இல்லாமல் வரும்.

போவதற்கு முன், தையல் மிஷின் ஊசியோ, பூ கட்டும் மடியோ, கம்ப்யூட்டர் திரையோ, கண்ணிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டேப் இல்லாவிட்டால் பேரப்பிள்ளையின் ஸ்கேல் போதும்.