வாடகை வீடும் வளவும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பர் நம் முன்னோர். வன்னியில் வளவோடு கூடிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துப்பார் என மூன்றாவதொன்றையும் சேர்க்கலாம் போலும்!

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்தபோது நாம் வீடு தேடினோம். 2009 இல் யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பியபோது இங்கே கூரையோடு நின்ற வீடுகள் மிகச் சிலவே. பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவி பெற்றுப் பல வீடுகள் எழுந்தன. ஆயினும் அவை அளவிற் சிறியவை. பிள்ளைகளும் முதியோருமாக அறுவர் கொண்ட எம் குடும்பத்துக்கு விறாந்தையும் கிணறும் முற்றமும் உள்ள வீடே வேண்டியிருந்தது.

ஈற்றில் ஒன்று கிடைத்தது. மகன் கனடாவில்; தாயார் அயலில் மகளோடு இருக்கிறார். ஆச்சி எம்மிடம் சொன்னார்: “தம்பி, வாடகை கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை. விடிய முத்தம் கூட்டுற குடும்பம்தான் எனக்கு வேணும்.”

அச்சொல் எம் மனத்தைத் தொட்டது. ஆயினும் எழுத்தில்லாமல் நாம் உள்ளே செல்லவில்லை. காரணம் உண்டு. முன்னர் வவுனியாவில் வாய்ப்பேச்சை நம்பி ஒரு வீட்டில் இருந்தோம். நாம் நட்ட எலுமிச்சை காய்க்கத் தொடங்கிய வேளையில், ஒரு மாதத்துள் வெளியேறும்படி சொல்லப்பட்டது. காட்டுவதற்கு எம்மிடம் ஒரு துண்டுக் கடதாசிதானும் இல்லை.

நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டு முதலே சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்படுதலும் வேண்டும். அஃது உறுதிக் காணியா, அரசு அளித்த அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் கேட்டறிக. பின்னதை அரசின் இசைவின்றிக் குத்தகைக்கு விடலாகாது.

வளவுள்ள வீடாயின் இன்னுஞ் சில பேசவேண்டும். தேங்காய் யாருக்கு? மாரிக்கு முன் கிணறு இறைப்பதும் வேலி அடைப்பதும் யார் செலவு? ஆச்சியும் நாமும் தேங்காயைப் பாதியாக்கினோம். வேலி எமது பொறுப்பு, கிணறு அவரது பொறுப்பு.

ஆளில்லா வீடு நம் துயரம் மட்டுமன்று. ஜப்பானில் யுத்தமின்றியே நாட்டுப்புற வீடுகள் வெறுமையாகின்றன. இளையோர் நகரஞ் சென்றனர், முதியோர் மறைந்தனர். 2023 ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறக்குறைய 90 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அங்கே ஊராட்சிகளே அவற்றுக்குப் பதிவேடு வைத்து, குடியிருக்க வருவோரைத் தேடுகின்றன. ஆச்சி தேடியதும் அதைத்தானே!

சென்ற வாரம் எம் இளைய மகன் ஒட்டு மாங்கன்று ஒன்றோடு வந்தான். “குத்தகை இரண்டு வருஷந்தானே அப்பா, காய்க்க மூன்று வருஷமாவது செல்லுமே?” என்றான். ஆச்சியிடம் கேட்டுவரச் சொன்னோம். அவர் தாமே வந்து கிணற்றடியில் இடங் காட்டினார்.

எழுதவேண்டியதை எழுதிக்கொள்க, அதன்பின் கன்றை நடத் தயங்கற்க. உண்பவர் நாமாயினும் ஆச்சியின் பேரராயினும், அம்மரம் அவ்வளவிற் காய்க்கும்.