ராமன் வாங்கிய கற்கள்

ரத்தினம் வாங்கப் போகிறவர் எடையைக் கேட்பார், தோஷம் பார்ப்பார், விலை பேசுவார். இயற்பியலாளர் சி. வி. ராமன் கல் வாங்கியது இவை எதற்காகவும் இல்லை. அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று அறியத்தான். 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருவுக்கு வந்த அவர், 1948-இல் ஓய்வு பெற்றதும், மைசூர் அரசு தந்திருந்த நிலத்தில் சொந்த ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். கற்களும் கனிமங்களும் அங்கே சேர்ந்தன.

லாப்ரடோரைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் ரோட்டோரச் சல்லி போலச் சாம்பலாகத்தான் இருக்கும். சற்றே சாய்த்தால் மயில்கழுத்து நீலம் பாயும்; இன்னும் திருப்பினால் பச்சை, பொன்; மறுபடி சாம்பல். சாயம் ஏதும் அதில் இல்லை. பூமிக்கடியில் மெல்ல ஆறும்போது இருவகை ஃபெல்ஸ்பார் பிரிந்து, ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான மெல்லிய தகடுகளாக அடுக்கிக்கொள்கின்றன. அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, மற்றவை அடங்குகின்றன. 1950-இல் ராமனும் மாணவர் ஏ. ஜெயராமனும் இக்கல்லை ஆராய்ந்தார்கள். இலங்கைச் சந்திரகாந்தக் கல்லையும் விடவில்லை. 1954-இல் செவ்வந்திக்கல். ஒளி ஊடுருவும் திசை மாறினால் அதன் ஊதாவும் மாறும்.

இடையே 1953-இல் ஓபல். கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காவின் இரு வடிவங்கள் மாறிமாறி அடுக்கியிருப்பதே அதன் வண்ணத்துக்குக் காரணம் என்றார்கள். 1964-இல் ஆஸ்திரேலியாவின் ஜே. வி. சாண்டர்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தவை, வரிசை தப்பாமல் அடுக்கிய சிலிக்கா உருண்டைகள். ஒழுங்கான அடுக்கே நிறம் தருகிறது என்ற அடிப்படை நின்றது. அடுக்கில் இருப்பது என்ன என்பது மாறியது. 1987-க்குப் பின், சீரான அடுக்கால் ஒளியை ஆளும் ஒளிப்படிகங்களின் துறை வளர்ந்தபோது, ஓபல் இயற்கையே செய்த ஒளிப்படிகம் என்று பேசப்பட்டது.

ஒரே கல், மூன்று தலைமுறைக் கேள்விகள். விடையைத் திருத்தியது புதிய கருவி. ஆனால் கருவிக்கு முன்னால் வைக்கக் கல் இருந்தாக வேண்டும். நம் ஆய்வகங்களில் கருவிக்குக் கோடிகள் கிடைத்துவிடும். பழைய மாதிரிகளுக்குப் பெயரெழுதி, பூட்டிக் காக்க ஒருவரை நியமிப்பதுதான் பாடு. உடனடிப் பயன் என்னவென்று கேட்டால் அலமாரியில் உள்ள கல்லால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அஞ்சி அலமாரியைக் காலி செய்கிற நிறுவனம், அடுத்த தலைமுறை நம்மைத் திருத்தும் வாய்ப்பையும் சேர்த்தே வெளியே எறிகிறது.