புறாமலைக்கு நான்கு பஸ்

பன்னிரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்த திட்டம் இருநூறு பேராகித் திரும்பி வந்திருக்கிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் இயற்கைக் கழகம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர் ஓராண்டாகக் கூடிப் பேசிப் போட்ட திட்டம் அது. குழுவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், திருகோணமலை நிலாவெளியில் இரண்டு இரவுத் தங்கல், புறாமலையில் ஒரு முழு நாள். பருவம் முடிவதற்குள் எட்டுக் குழுக்கள். பறவை பார்ப்பதும், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து முருகைக்கற்பாறையின் மேல் மிதந்து பார்ப்பதும்தான் வேலை. போவதற்கு முன் பிள்ளைகளுக்கு மூன்று நாள் மிதக்கப் பழக்குவது என்றும் அதில் இருந்தது.

அதைக் கையில் வாங்கி வைத்திருந்த அதிகாரிகள் இப்போது ஒப்பமிட்டு அனுமதிக் கடிதமாக அனுப்பியிருப்பது வேறு பயணம். நான்கு பஸ், ஒரே நாள். விடியற்காலையில் கோணேஸ்வரம், காலையில் புறாமலை, பிற்பகலில் கன்னியா வெந்நீர்க் கிணறு, நள்ளிரவுக்குள் வீடு. மிதக்கப் பழக்கும் மூன்று நாளும் வெட்டப்பட்டுவிட்டன. தொண்ணூற்றாறு பிள்ளைகளுக்குப் பதில் இருநூறு பிள்ளைகள் பயன் பெறுவார்கள் என்பதே சொல்லப்படும் காரணம். இந்த முடிவு தவறு. பிள்ளைகளுக்கும் தவறு, அந்தத் தீவுக்கும் தவறு.

புறாமலை எப்படிப்பட்ட இடம் என்பதை ஒப்பமிட்டவர்கள் ஒருமுறை யோசித்திருக்க வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில், பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகள். பெரியதே சுமார் இருநூறு மீற்றர் நீளம், நூறு மீற்றர் அகலம். நமது மலைகளில் ஒரு நம்பர் மலைக்குக்கூடக் காணாத நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் அது பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாகி, யுத்தம் ஓய்ந்த பிறகு சனம் வெள்ளமாகப் போய்ச் சேர்ந்த இடம். 1998இல் கடல் சூடேறித் தெற்கிலும் வடமேற்கிலும் ஆழம் குறைந்த கடலின் முருகைப் பாறைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. சூட்டுக்குத் தப்பியதைக் காலால் மிதித்துக் கொல்வதா?

பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். தண்ணீரிலிருந்து வந்தது. லுணுகலை மலையில் பிறந்து வளர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளை முதன்முதலாக முகமூடியை மாட்டிக்கொண்டு கடலில் முகத்தைப் புதைக்கும்போது என்ன நடக்கும் என்பதை, அப்படி ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியும். மூக்கு அடைபட்டதும் நெஞ்சு பதறும். வாயால் மூச்சு விடலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாலும் அந்த நொடியில் அது மறந்துபோகும். கண்ணாடியில் ஆவி படியும், குழாய்க்குள் உப்புத்தண்ணீர் ஏறும். பிள்ளை உடனே எழுந்து நிற்கப் பார்க்கும். எழுந்து நிற்பதென்றால் கால் ஊன்ற வேண்டும். வற்றுத் தண்ணீரில் அந்தப் பாறையின் மேல் இடுப்பளவுதான் ஆழம், சில இடங்களில் முழங்காலளவு. கால் படுமிடம் முருகை.

முருகை என்பது கல்லைப் போலிருக்கும் உயிர். குண்டூசித் தலையளவுப் பிராணிகள் லட்சக்கணக்கில் கூடித் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு. மான்கொம்பு போலக் கிளை விடும் வகை நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வளரும். உருண்டைப் பாறையாகத் திரளும் வகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. தலையணையளவு உருண்டை ஒன்று, அதன் மேல் கால் வைக்கும் பிள்ளையைவிட வயது மூத்ததாக இருக்கும். ஒரு மிதியில் கிளை ஒடியும். ஒடியாமல் தப்பினாலும் மேல்தோல் வழன்று, அந்தக் காயத்தில் பாசி ஏறும். பிள்ளையின் காலும் கிழியும், அந்தப் புண் இலேசில் ஆறாது.

இதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. பிள்ளை பதறும்போது கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரால் தண்ணீரில் ஆறு தலையைக் கண்ணுக்குள் வைத்திருக்க முடியும். ஆறும் ஆறும் பன்னிரண்டு. இதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை, எண்ணத் தெரிந்த எவருக்கும் விளங்குகிற கணக்கு. மிதக்கப் பழகிய பிள்ளைகள் என்றால்தான் இந்தக் கணக்கும் சரிவரும். அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார்கள்.

இருநூறு பேருக்குக் கணக்குப் பாருங்கள். படகுக்குப் பத்துப் பேர் என்று வைத்தாலும் போக இருபது ஓட்டம், வர இருபது ஓட்டம். மீதி நேரத்தில் பிள்ளைக்குக் கால்மணி நேரம் தண்ணீர் கிடைத்தால் அதிகம். ஒரே முகமூடி கை மாறிக் கை மாறிப் போகும். இரவு முழுக்கப் பஸ்ஸில் கண் விழித்து, வளைவுகளில் வாந்தியெடுத்து வந்த பிள்ளையைக் கடலில் இறக்கிக் கால்மணி நேரத்தில் கரையேற்றினால் அது எதைப் பார்க்கும்? தீவுகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த தண்ணீரில் செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டிகள் திரியும். மனிதரை ஒன்றும் செய்யாத, கூச்சமுள்ள பிராணிகள். பன்னிரண்டு பேர் அசையாமல் மிதந்தால் கண்ணில் படக்கூடும். இருநூறு பேர் உழக்கிய தண்ணீரில் மணல் மட்டும் தெரியும்.

பறவை விஷயம் இன்னும் மோசம். அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்ததே அங்கே பாறையிடுக்கில் கூடு வைக்கும் காட்டுப் புறாதான். கோயில் கோபுரத்திலும் சந்தைக் கூரையிலும் நாம் பார்க்கும் புறாக்களின் மூதாதை இனம். அதைப் பார்க்க வேண்டுமானால் பாறை நிழலில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். ஆரவாரம் கேட்டால் கூட்டை விட்டு எழும்பிப் போய்விடும். முட்டை வெயிலில் காயும், காகத்துக்கும் இரையாகும். இருநூறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் "சத்தம் போடாதே" என்று இருநூறு தடவை சத்தம் போடுவதுதான் நடக்கப்போகிறது.

உலகம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாவது இவர்கள் கற்றிருக்கலாம். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் ஒரு சினிமாப் படத்தின் புண்ணியத்தில் நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் குவிந்து முருகை அழிந்தது. 2018 யூனில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2022 ஜனவரியில்தான், அதுவும் நேரத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணி. மூடியிருந்த காலத்தில் அங்கேயும் அதே கறுப்பு நுனிச் சுறாக்கள் திரும்பி வந்தன. ஹவாயின் ஹனௌமா குடாவில் முதன்முறை வருபவர் பாறையை மிதிக்கக் கூடாது என்று சொல்லும் படத்தைப் பார்க்காமல் கரைக்கே இறங்க முடியாது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது முருகை வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இளைத்துப்போன உயிர் அது. இன்றைய நிலையில் ஆளைக் குறைப்பார்களே தவிரக் கூட்ட மாட்டார்கள்.

செலவு கூடும் என்பது உண்மைதான். தலைக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு பேர் பயணம் அதிகச் செலவு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் செலவுப் பேச்சுக்குப் பின்னால் இன்னொரு பேச்சு இருக்கிறது. அது எமது காதுக்கும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிக் கூட்டி வந்தால் போதாதா, பாறையும் பறவையும் எதற்கு என்பது அந்தப் பேச்சு. இதைத்தான் எம்மால் பொறுக்க முடியவில்லை. ஊவாவுக்குக் கடற்கரை இல்லை, மெய். ஆனால் துன்ஹிந்தையில் விழுகிற பதுளு ஓயா மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. மழைக்குச் செம்மண் கரைந்து ஓயா சிவந்து ஓடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். ஆற்று மண் வந்து படிந்தால் முருகை மூச்சுமுட்டிச் சாகும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? யூலை, ஓகஸ்டில் மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்றுத்தான் நமது கொழுந்துக்கு ஊவா வாசத்தைக் கொடுக்கிறது. அதே கச்சான் அடிக்கும் காலத்தில்தான் நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடந்து படகை விடுகிறது. காற்றுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே பெயர். கடலைத் தாண்டி வந்து இருநூறு ஆண்டு ஆன சனத்தின் பேரப்பிள்ளைகள், அந்தக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று நிதானமாகப் பார்க்கத் தகுதியில்லாதவர்களா?

பறவை பற்றியும் ஒரு சொல். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் வாழும் புள்ளிக் கௌதாரி இந்த நாட்டில் வேறு பக்கங்களில் எளிதில் காணக் கிடைக்காது. அதைக் கண்ணால் பார்க்குமுன்பே கூப்பீட்டை வைத்து அடையாளம் சொல்லும் பிள்ளைகள் நமது லயங்களில் இருக்கிறார்கள். பெரட்டுக்குப் போகும் அம்மாவோடு இருட்டில் எழும்பிப் பழகிய காது அது. இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துத் தெரிந்தெடுத்திருந்தார்கள். இப்போது வகுப்புக்கு இத்தனை பேர் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் அந்தப் பிள்ளைகள் வருவார்களா என்பதே நிச்சயமில்லை.

முடிவெடுத்தவர்கள் புதியவர்களாக இருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். இவர்கள் புதியவர்கள் இல்லை. பத்தனை ஓரத்தில் பறவை பார்க்கும் நடைபாதை திறந்தவர்கள் இவர்கள்தான். அங்கே நட்ட பலகைகளில் தமிழ் இல்லை. கேட்டபோது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டம் இன்றுவரை வரவில்லை, பலகைதான் கறையான் அரித்து விழுந்தது. தோட்டத்து இளைஞர்களுக்குச் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி என்று அறிவித்தவர்களும் இவர்களே. வேலை நாளில் வைத்தார்கள். போனவர்களுக்கு அன்றைய பேரும் சம்பளமும் போயின. வகுப்பு முழுவதும் அவர்களுக்குப் பாதி விளங்கிய மொழியில் நடந்தது. இரண்டாம் நாள் ஆள் குறைந்ததும், தோட்டத்துப் பையன்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதினார்கள். எல்லவில் இறங்கும் வெளிநாட்டுக்காரரை நமது தேயிலை மலைகளுக்குள் கூட்டிப்போகும் வேலை இன்றும் யார் கையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

தூரநோக்கிகள் கதையையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனம் கொண்ட ஒருவர் பாடசாலைகளுக்கென்று கொடுத்தவை அவை. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று இவர்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மலையகத்து ஈரத்தில் பூட்டிய கண்ணாடிக்கு என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூஞ்சணம் பிடித்துக் கண் மங்கிய பிறகு ஒரு விழா வைத்து, படம் பிடித்து, கையளித்தார்கள். அந்தத் தூரநோக்கியைக் கண்ணில் வைத்து ஒன்றும் தெரியாமல் திருப்பிக் கொடுத்த பிள்ளையின் முகத்தை அங்கே இருந்த ஆசிரியர் இன்னும் மறக்கவில்லை.

இந்த நான்கு பஸ்ஸும் அதே கையிலிருந்து வந்தவைதான். படத்தில் இருநூறு தலை தெரியும், அறிக்கையில் இருநூறு என்று எழுதலாம். பிள்ளை என்ன பார்த்தது, என்ன கற்றது, பத்திரமாகத் திரும்பியதா என்று எழுத அறிக்கையில் இடமில்லை. விடுமுறை வந்தால் ஊவாவின் அருவிக் குளங்களிலும் ஓயாக்களிலும் மூழ்கிப் போனவர்கள் பற்றிய செய்தியை அச்சில் கோத்துக் கோத்து எமது கை ஓய்ந்திருக்கிறது. நீந்தத் தெரியாத இருநூறு பிள்ளைகளை, பழக்காமல், எண்ண முடியாத கூட்டமாகக் கடலில் இறக்கும் கடிதத்தில் ஒப்பமிட எப்படி மனம் வந்தது? ஏதாவது நடந்தால் அந்த ஒப்பத்துக்கு உரியவர் முன்னால் வந்து நிற்பாரா, அல்லது கூடப்போன ஆசிரியரைக் காட்டிவிட்டு ஒதுங்குவாரா? கடந்த காலத்தை வைத்துப் பார்த்தால் எமக்கு ஒரு பதில்தான் தோன்றுகிறது.

கடிதம் மீளப் பெறப்பட வேண்டும். ஆசிரியர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதை இந்தத் தடவையாவது காது கொடுத்துக் கேட்டு, தக்க ஓர் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். பணம் போதாதென்றால் குழுக்களின் தொகையைக் குறைக்கலாம், இரண்டு பருவமாகப் பிரிக்கலாம், வேறு வழியும் தேடலாம். மனமிருந்தால் வழி பிறக்கும். பஸ்களுக்கு முற்பணம் கட்டியாயிற்று என்ற பதிலை மட்டும் எம்மிடம் சொல்ல வேண்டாம். காலமும் அதிகமில்லை. கச்சான் ஓய்ந்து வாடை திரும்பினால் நிலாவெளியில் படகு இறங்காது. பிறகு அடுத்த ஆண்டு மே வரை புறாமலைக்குப் போக வழியில்லை. இந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பாடசாலையில் இருக்க மாட்டார்கள்.