கார்னகியின் நூலகம் எத்தனை மணிக்குத் திறந்திருந்தது?

போன மாதம் ஒரு தன்முனைப்பு உரைக்குப் போய் மாட்டிக்கொண்டேன். பேச்சாளர் ஆண்ட்ரூ கார்னகியின் படத்தைத் திரையில் போட்டு, "பஞ்சாலையில வாரத்துக்கு ஒரு டாலர் இருபது காசு சம்பளம் வாங்கின பையன், 2,500 நூலகம் கட்டிக் கொடுத்தாரு. நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார். அரங்கமே கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த வாசிப்புக் குழுத் தம்பியும் தட்டினான். நான் தட்டவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேச்சாளர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 1892-ஐ மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

பென்சில்வேனியாவில், மொனொங்காஹேலா ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் என்றோர் ஊர். அங்கிருந்த கார்னகியின் எஃகு ஆலையில் ஏறக்குறைய 3,800 பேர் வேலை செய்தார்கள். அதில் தேர்ந்த தொழிலாளர்கள் சுமார் 800 பேர்தான் சங்கத்தில் இருந்தார்கள். ஜூன் 30-ஆம் தேதி கூலி ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. நிர்வாகத்தின் தலைவர் ஹென்றி கிளே ஃபிரிக், கூலியைக் குறைப்பதோடு சங்கத்தையும் ஒழித்துவிடத் தீர்மானித்திருந்தார். ஆலையைச் சுற்றி முள்கம்பி வைத்த உயரமான வேலி எழும்பியது. ஊர்க்காரர்கள் அதற்கு 'ஃபிரிக் கோட்டை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆலை பூட்டப்பட்டது. சங்கத்தில் இடமே இல்லாத கிழக்கு ஐரோப்பியக் கூலிகளும் சங்கத்தோடு சேர்ந்து நின்றார்கள்.

ஜூலை 6 விடியற்காலை, பிங்கர்டன் நிறுவனத்தின் கூலிப்படையினர் 300 பேர் இரண்டு படகுகளில் வந்தார்கள். கரையில் ஊரே திரண்டு நின்றது. சாயங்காலம்வரை சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துப் பத்துப் பேராவது செத்தார்கள், தொழிலாளர்களே அதிகம். சரணடைந்து கரையேறிய பிங்கர்டன் ஆட்களை ஊர்மக்கள் அடித்து நொறுக்கினார்கள். அதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆறே நாளில் மாநில ஆளுநர் 8,000-க்கும் மேற்பட்ட படையினரை இறக்கினார். அவர்கள் பாதுகாப்பில் புது ஆட்கள் ஆலைக்குள் போனார்கள். நவம்பரில் போராட்டம் முறிந்தது, சங்கமும் செத்தது.

இதெல்லாம் நடக்கும்போது கார்னகி எங்கே இருந்தார்? ஸ்காட்லாந்தில், விடுமுறையில். அதனால் பழியெல்லாம் ஃபிரிக்குக்குப் போனது. ஆனால் ஆலையில் இனிச் சங்கம் இல்லை என்ற அறிவிப்பை அந்த ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்தவர் கார்னகிதான். 1886-இல் தொழிலாளர்களின் சங்க உரிமையை ஆதரித்து, வேலைநிறுத்தம் செய்பவனின் வேலையை இன்னொருவன் பறிப்பதைத் தொழிலாளர்கள் ஏன் பாவமாகக் கருதுகிறார்கள் என்று பரிவோடு எழுதியவரும் அவர்தான். அவருடைய அப்பா கைத்தறி நெசவாளர். நீராவித் தறி வந்து பிழைப்பைப் பிடுங்கியதால்தான் அந்தக் குடும்பம் 1848-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியே இல்லை.

இதையெல்லாம் உரை முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்து சொன்னேன். தம்பி தே தாரிக்கை ஆற்றியபடியே கேட்டான்: "சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் காசைக் கூலியா கொடுத்திருந்தா குடிச்சே அழிச்சிருப்பாங்க. நூலகம்னா நூறு வருஷம் நிக்குதுல்ல?"

தம்பி, இதை உன் சொந்த யோசனை என்று நினைக்கிறாய். 1889-லேயே கார்னகி இதை எழுதிவிட்டார். செல்வத்தைச் சில்லறையாகப் பலருக்குக் கொடுத்தால் வீணாகிவிடும், விவரமுள்ள ஒருவர் கையில் சேர்ந்து அவர் மூலமாகச் செலவானால்தான் சமூகம் உயரும் என்பதுதான் அவர் வாதம். அதாவது, உன் உழைப்பின் பலனை எப்படிச் செலவு செய்வது என்று உன்னைவிட உன் முதலாளிக்கு நன்றாகத் தெரியும். என் கோபம் நூலகத்தின் மேல் இல்லை, இந்தத் திமிரின் மேல்தான்.

ஹோம்ஸ்டெட்டுக்கும் நூலகம் வந்தது. 1898-இல், நீச்சல் குளம், இசை அரங்கு எல்லாம் சேர்த்து அழகான கட்டடம். ஆலையில் வேலை நேரமோ பன்னிரண்டு மணி. பகல் முறையும் இரவு முறையும் மாறும்போது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் உலைக்கு முன்னால் நிற்க வேண்டும். அமெரிக்க எஃகுத் தொழிலில் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய 1923 ஆனது. கார்னகி அதற்கு வெகு முன்பே, 1901-இல், தன் நிறுவனத்தை 480 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டுக் கொடையாளர் ஆகிவிட்டார்.

இன்னொரு ஊரையும் தெரிந்துகொள். மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற தொழில் நகரம். கார்னகி நூலகம் கட்டித் தருவதாகச் சொன்னபோது, அங்கிருந்த தொழிற்சங்கங்கள் ஹோம்ஸ்டெட்டை நினைவூட்டி வீதி வீதியாகப் பிரச்சாரம் செய்தன. 1904 வாக்கெடுப்பில் கார்னகியின் நூலகம் தோற்றது. புத்தகத்தை வெறுத்தவர்களா அவர்கள்? தங்கள் ஊர் நூலகத்தைத் தங்கள் வரிப்பணத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள். அப்படியே கட்டிக்கொண்டார்கள். எந்தத் தன்முனைப்பு உரையிலும் வீலிங்கின் பெயரை நான் கேட்டதில்லை.

நாம் வாசகர்கள். நூலகம் என்றதுமே மனம் இளகிவிடும் கூட்டம். அந்த இளக்கத்தில்தான் நம்மைச் சுலபமாக ஏமாற்ற முடிகிறது. அடுத்த தடவை மேடையில் யாராவது, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேள் தம்பி: அந்த நூலகம் எத்தனை மணிக்குத் திறந்திருந்தது, ஆலை எத்தனை மணிக்கு விட்டது?