கற்பவர் கைக்கு ஒரு கேமரா

ஜெர்மனி நாட்டின் கொலோன் நகரில், ரைன் ஆற்றங்கரையில், 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘போட்டோகினா’ என்னும் கண்காட்சி, ஒளிப்படத் தொழிலுக்கே ஒரு தேர்த்திருவிழாவாக நெடுங்காலம் விளங்கிற்று. பெருநிறுவனங்கள் யாவும் தத்தம் புதுக் கருவிகளை அங்கே அரங்கேற்றின. 2020-இல் நோய்த்தொற்றின் காரணமாக அவ்விழா தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இனி அதனைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர். நோயின் மீது மட்டும் பழியைப் போடுவது பொருந்தாது. அக்கண்காட்சி நின்றுபோவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பொருள் சிறிது சிறிதாக ஓரத்திற்குத் தள்ளப்பட்டு வந்தது. புதிதாகக் கற்பவருக்கென உருவாக்கப்பட்ட, விலை குறைந்த டிஜிட்டல் கேமராவே அது. அதன் மறைவை வணிகச் செய்தியாக மட்டும் எண்ணிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. கற்றல் தொடர்பான ஓர் இழப்பாகவே அதனை நான் காண்கிறேன்.

தமிழ்த் துறையினராகிய நாங்கள் ‘புகைப்படம்’ என்று எழுதும் மாணவரைத் திருத்தி ‘ஒளிப்படம்’ என்று எழுதச் சொல்வது வழக்கம். சொல்லைத் திருத்துவது எளிது. ஒளியைக் கொண்டு எழுதக் கற்பதோ அத்துணை எளிதன்று. படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். கல்விச் சுற்றுலாவிற்கு ஒரு சுருளை எடுத்துச் சென்றால், கேமரா வைத்திருப்பவர் கருமியின் கையிலிருக்கும் பொற்காசு போல ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணிச் செலவழிப்பார். சுருள் கழுவப்பட்டு அச்சாகிக் கைக்கு வரும்போது நாள்கள் பல கடந்திருக்கும். மங்கிப்போன படத்தைப் பார்த்து, ‘எவ்விடத்தில் பிழை செய்தோம்?’ என்று வினவினால் விடையிராது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, லென்ஸின் துளை எவ்வளவு அகன்றிருந்தது என்பனவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் மட்டுமே தம் பிழையைக் கண்டறிய முடியும். எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

டிஜிட்டல் கேமரா இந்நிலையை மாற்றியது. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்த முதற்கருவி, ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்டது. பதினாயிரம் புள்ளிகளே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. 1988-ஆம் ஆண்டு போட்டோகினாவில், படத்தை நினைவட்டையில் பதியும் கேமராவை ஃபியூஜி நிறுவனம் காட்டியது. 1995-இல் விற்பனைக்கு வந்த கேசியோவின் ‘கியூவி-10’, எடுத்த படத்தை உடனே பார்க்கும்படி முதுகில் ஒரு சிறு திரையைத் தாங்கி வந்தது. அதன் படங்கள் இன்றைய கண்ணுக்குச் சிரிப்பூட்டும். ஆயினும் அச்சிறு திரையே கற்பவனுக்குக் கிடைத்த பெருங்கொடை என்பேன். 2003-இல் கேனான் நிறுவனத்தின் ‘இ.ஓ.எஸ். 300டி’ ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வெளிவந்தபோது, லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க டிஜிட்டல் கேமரா முதன்முறையாக எளியோர் நம்பிக்கை கொள்ளத்தக்க தொலைவில் வந்து நின்றது.

இக்கருவிகளின் அருமை படத்தின் தெளிவில் இல்லை. பிழையின் விலையை அவை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆக்கின என்பதில் இருக்கிறது. ஓடும் குழந்தையை வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் உருவம் கலங்கும். ஐந்நூற்றில் ஒரு பங்கில் எடுத்தால் பாதம் நிலத்தைவிட்டு எழுந்த நிலையிலேயே நிற்கும். இதனை நூலில் படித்தால் மறந்துபோகும். ஒரு மாலைப்பொழுதில் நூறு படம் எடுத்து, தொண்ணூறைக் கெடுத்து, அப்போதைக்கப்போதே திரையில் கண்டவன் மறக்கமாட்டான். அதற்கும் மேலாக, ஒவ்வொரு படத்தோடும் அதன் வேகம், துளை அளவு, உணர்திறன் ஆகிய எண்களைக் கேமரா தானே குறித்துவைக்கிறது. மாணவன் எழுத மறந்த குறிப்பேட்டை ஆசிரியர் தாமே எழுதி வைத்தாற்போல! நிக்கான் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘டி3000’ முதலாகத் தன் முதற்படிக் கேமராக்களில் ‘கைடு’ என்னும் ஒரு முறையையே அமைத்தது. ‘பின்புலம் மங்கலாக வேண்டுமா? அசைவு உறைந்து நிற்க வேண்டுமா?’ என்று கருவி வினவும். வேண்டியதைச் சொன்னால், எதனை எவ்வாறு மாற்றுவது என்று காட்டித் தரும். கருவிக்குள் ஓர் ஆசானை வைத்து விற்ற தொழிலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனையும் செய்த தொழில், தன் மாணவனிடம் ஒரு பொய்க்கணக்கையும் கூடவே விற்றது. படப்புள்ளிக் கணக்கையே சொல்கிறேன். கண்காட்சிதோறும் 3 மெகாபிக்சல் 5 ஆயிற்று, 8 ஆயிற்று, 12 ஆயிற்று, 16 ஆயிற்று. எண் கூடினால் படம் சிறக்கும் என்று விளம்பரங்கள் முழங்கின. ஆனால் சட்டைப்பைக் கேமராக்களில் ஒளியை வாங்கும் உணரியின் பரப்போ பெரும்பாலும் 30 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருந்தது. லென்ஸ் மாற்றும் முதற்படிக் கேமராவின் உணரி அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. ஒரு குழி நிலத்தில் ஒரு காணிக்குரிய நாற்றை நெருக்கி நட்டால் கதிர் எப்படி முற்றும்? மங்கிய விளக்கொளியில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், ஒரு படத்தின் நுட்பம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரட்டிப்பாக வேண்டுமானால் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும்; 6 மெகாபிக்சலிலிருந்து 8-க்குத் தாவியவர் பெற்ற பயன் கண்ணுக்கே புலப்படாது. இதனைத் தொழில் அறிந்தே இருந்தது. அறியாதவர் வாங்கியவரே. கைபேசி வந்து அதே கணக்கைச் சொல்லி அதே பொருளை இலவச இணைப்பாகத் தந்தபோது, எண்ணை மட்டுமே கற்பிக்கப்பட்டிருந்த வாடிக்கையாளர் கேமராவை வைத்துவிட்டுப் போனதில் வியப்பென்ன?

2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-இல் அத்தொகை 80 லட்சத்தையும் எட்டவில்லை. இழந்த கூட்டத்தை மீண்டும் அழைப்பதற்கு மாறாக, எஞ்சியவரிடம் கூடுதல் விலைக்கு விற்பதே நிறுவனங்கள் தேர்ந்த வழி. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த போட்டோகினாவே சான்று. அதற்குச் சில வாரங்கள் முன்னர், லென்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 500 டாலருக்கு ‘டி3500’ என்னும் முதற்படிக் கேமராவை நிக்கான் அறிவித்திருந்தது. கைடு முறையும் அதில் இருந்தது. ஆனால் கொலோனில் பேச்செல்லாம் பழைய படச்சுருளின் சட்டத்துக்கு ஈடான பெரிய உணரி கொண்ட புதுக் கேமராக்களைப் பற்றியதாகவே இருந்தது. அவற்றுள் விலை குறைந்தனவற்றில் ஒன்றெனத்தக்க நிக்கானின் ‘இசட்6’, லென்ஸ் இல்லாமலேயே ஏறத்தாழ 2000 டாலர். சில ஆண்டுகளுக்குள் டி3500-இன் உற்பத்தி நின்றது.

‘கைபேசி இருக்கையில் கேமரா எதற்கு?’ என்று என் மாணவர்களே கேட்கின்றனர். நியாயமான வினாதான். உலகில் இவ்வளவு பேர் இவ்வளவு படம் எடுத்த காலம் முன்னர் இருந்ததில்லை. அதனை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் இன்றைய கைபேசி, பொத்தானைத் தொட்டவுடன் பல படங்களை எடுத்து, இருளை நீக்கி, நடுக்கத்தைத் திருத்தி, அவற்றை ஒன்றாக இணைத்துக் கையில் தருகிறது. பிழை நேர்ந்ததே எடுத்தவருக்குத் தெரியாது. விடைத்தாளைத் திருத்தாமல், விடையையே தான் எழுதிக் கொடுத்துவிடும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்போமா? படம் வேண்டுவோர்க்குக் கைபேசி போதும். படம் எடுக்கக் கற்க வேண்டுவோர்க்குப் பிழையைக் கண்முன் காட்டும் கருவியே வேண்டும்.

வாயில் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. 2023-இல் கேனான் வெளியிட்ட ‘ஆர்100’, லென்ஸோடு 600 டாலர் அளவிலேயே வந்தது. ஆனால் மடங்காத, தொட்டால் இயங்காத திரையைப் பொருத்தி, ‘முதற்படிக்கு இது போதும்’ என்ற சிக்கனத்தோடு செய்த கருவி அது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. 2010 முதல் ஜப்பானின் யோகோகாமாவில் ‘சிபி பிளஸ்’ கண்காட்சி நடைபெற்றுவருகிறது. போட்டோகினா இல்லாத இக்காலத்தில் அங்கேனும் கற்பவருக்கென ஓர் அரங்கு முன்வரிசையில் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். இத்தனை மெகாபிக்சல் என்ற பலகைக்குப் பதிலாக, உணரியின் பரப்பு இவ்வளவு, லென்ஸின் துளை இவ்வளவு என்ற பலகை அங்கே தொங்கட்டும்.

அதுவரை நம் மாணவர்க்கு உள்ள வழி, முன்னர் விற்ற முதற்படிக் கேமராக்களுள் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்குவதே. பத்தாண்டு கடந்த கருவியாயினும் கற்பதற்குக் குறைவில்லை. வாங்குமுன் ஷட்டர் எத்தனை ஆயிரம் முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டறிக. லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க. நம் ஈரக்காற்றில் அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸ்கள்தாம் விரைவில் கெடுகின்றன.