எட்டாயிரம் கதவு, பத்து நாள்

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். பிரசாரம் 17-ம் தேதி மாலையோடு ஓய்ந்தது. இடையில் பத்தே நாள். நோட்டீஸ் அச்சடிப்பதில் ஒரு நாள் போனால் மிச்சம் ஒன்பது.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 30,000 வாக்காளர்கள். வீட்டுக்கு மூன்று நான்கு ஓட்டு என்று வைத்தாலும் எட்டாயிரம் கதவுகளைத் தட்டியாக வேண்டும். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புவது மாலை ஆறு, ஆறரைக்கு. ஒன்பது மணிக்கு மேல் பெல் அடித்தால் யாருக்கும் பிடிக்காது. அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தன்னார்வலர் மாடிப்படி ஏறி இறங்கி நாற்பது வீடு பார்த்தாலே பெரிது. ஏனென்றால் கதவைத் திறப்பவர் நோட்டீஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவதில்லை. பாதாளச் சாக்கடை பொங்கி எத்தனை நாளாகிறது, தெருமுனை விளக்கு எப்போதிலிருந்து எரியவில்லை, குழாயில் வருகிற தண்ணீர் ஏன் நாறுகிறது என்று சொல்ல ஆரம்பிப்பார். அதை நின்று கேட்பதற்குத்தானே போனது? கேட்காமல் நகர்ந்தால் அந்த ஓட்டு போய்விடும். கேட்டால் அடுத்த மூன்று வீடு போய்விடும். இருபது பேர் தினமும் விடாமல் நடந்தாலும் எட்டாயிரம் கதவை ஒருமுறை தட்டவே பத்து நாள் ஆகும்.

கட்சி வேட்பாளருக்கு இந்தக் கணக்கு இல்லை. சின்னம் ஐம்பது ஆண்டாகச் சுவரில் இருக்கிறது. வட்டச் செயலாளர் இருக்கிறார், வாக்காளர் பட்டியலைக் கரைத்துக் குடித்த பூத் கமிட்டி இருக்கிறது. சுயேச்சையோ வாக்குப்பதிவு நாளன்று முப்பதை ஒட்டிய வாக்குச்சாவடிகளுக்குக் காலை ஏழு மணிமுதல் உட்கார முகவர்களைத் தேட வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர எத்தனை பேரால் முடியும்? செலவு உச்சவரம்பு சென்னையில் 90,000 ரூபாய். வாக்காளருக்கு மூன்று ரூபாய். அந்த வரம்புக்குள் உண்மையாகவே நிற்பவர் யார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளாட்சியில் மக்களோடு மக்களாக நிற்பவர் ஜெயிக்க முடியாமல் போவதற்குப் பணமும் கட்சி செல்வாக்கும் காரணம் என்று பேசிப் பழகிவிட்டோம். வார்டின் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2022 முடிவுகளை அடுக்கிப் பார்த்தால் அது பளிச்சென்று தெரிகிறது. மாநகராட்சிகளின் 1,370-க்கு மேற்பட்ட வார்டுகளில் சுயேச்சைகள் ஜெயித்தது 70-ஐ ஒட்டி, அதாவது இருபதில் ஒன்று. நகராட்சிகளில் அது பத்தில் ஒன்று. பேரூராட்சிகளிலோ ஏழு எட்டு வார்டுக்கு ஒன்று. சென்னையில் 200-க்கு 5 பேர். வார்டு சுருங்கச் சுருங்கச் சுயேச்சையின் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. ஜெயித்த சுயேச்சைகளில் கட்சியில் சீட் கிடைக்காத அதிருப்தியாளர்களும் உண்டு. எல்லோரையும் சமூக சேவகர் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் கட்சிச் சின்னத்தை உதறிவிட்டு ஒருவர் ஜெயிக்க முடிவதே, ஜனங்களுக்கு அவர் முகம் தெரியும் என்பதால்தான்.

கட்சிக்குள்ளேயும் இதே கதைதான். கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயரானவர் காங்கிரஸைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் சரவணன். பதவியேற்புக்குத் தன் ஆட்டோவிலேயே வந்தார். கும்பகோணத்தில் 48 வார்டுகள். ஒன்றில் சில ஆயிரம் பேர்தான். அங்கே ஆட்டோக்காரரை வார்டே அறியும். வேலூரில் 37-வது வார்டில் தி.மு.க. சார்பில் நின்ற திருநங்கை கங்கா நாயக் ஜெயித்தது 15 ஓட்டு வித்தியாசத்தில். பதினைந்து ஓட்டு என்பது ஒரே தெருவின் நாலு வீடு.

பக்கத்தில் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் அங்கே மேயரானபோது நாடே வியந்தது. அந்த மாநகராட்சியில் அப்போது 100 வார்டுகள், ஊர் மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டி. வார்டுக்குப் பத்தாயிரம் பேர். சென்னையிலோ 2011 கணக்கெடுப்புப்படி பார்த்தாலே வார்டுக்கு 33,000 பேர். சென்னையிலும் 2022-ல் 28 வயது பிரியா மேயரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் பெண் அவர். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அதைச் சாத்தியமாக்கியது இட ஒதுக்கீடும் கட்சியின் முடிவும். ஒரு கல்லூரி மாணவி தானாகக் கிளம்பி, தோழிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு 30,000 பேரைச் சந்தித்துவிட முடியாது.

இப்படிக் கிளம்பக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் தமிழக நகரங்களில் கவுன்சிலரே இல்லை. வர்தா புயல் அந்தக் காலத்தில்தான் வந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதும், பிறகு கொரோனாவும் அப்போதுதான். மரம் விழுந்த தெருவில் அரிவாளோடு இறங்கியவர்கள், தண்ணீர் லாரி வந்ததும் குடங்களை வரிசைப்படுத்தியவர்கள், ஊரடங்கில் அரிசிப் பையை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் அந்தந்தத் தெருக்காரர்கள். கவுன்சிலர் செய்ய வேண்டிய வேலையைப் பதவி இல்லாமலே செய்து பழகியவர்கள் அவர்கள். அவர்களில் எத்தனை பேர் 2022-ல் மன்றத்துக்குள் போனார்கள்?

2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகளை அரசு கொண்டுவந்தது நல்ல காரியம். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல்வரே உட்கார்ந்து குறை கேட்டார். அடுத்த வேட்பாளர்கள் உருவாக வேண்டிய இடம் அதுதான். ஆனால் அதன் உறுப்பினர்களை மன்றமே நியமிக்கிறது. மன்றத்தில் பெரும்பான்மை யாரிடமோ அவர்களுடைய ஆட்களே சபையிலும் உட்கார்ந்தால், கேள்வி கேட்கிற தெருக்காரர் மறுபடியும் வெளியேதான் நிற்பார். பகுதி சபை உறுப்பினரை அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு முடிகிறது. ஊரகத்தில் 2019-ல் தேர்தல் நடந்த இடங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தோம். நகரங்களிலும் அது நடக்கவே கூடாது. பெரிய வார்டுகளை இரண்டாக மூன்றாகப் பிரிப்பதற்குப் புதிய மக்கள்தொகைக் கணக்கு கையில் வர வேண்டும். வந்த கையோடு அரசு அதைத் தொடங்க வேண்டும். ஆனால் எந்த வார்டு பெண்களுக்கு, எது பட்டியல் சாதியினருக்கு என்ற விவரத்தைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வெளியிடக் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. 2022-ல் மேயர் பதவிகளுக்கான ஒதுக்கீடு வெளியானது ஜனவரி நடுவில். தேர்தல் அறிவிப்பு அதே மாதம் 26-ல். கட்சிக்கு அந்த அவகாசம் போதும். வார்டிலும் இதே அவசரம் என்றால், வேலையையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்ணுக்கு வீட்டில் பேசி முடிக்கவே அது போதாது. சுயேச்சைகளுக்குப் பிரசாரத்துக்கு இன்னும் பத்து நாள் கூட்டிக் கொடுப்பதும் மாநில தேர்தல் ஆணையம் அட்டவணை போடும்போதே செய்துவிடக்கூடிய வேலைதான்.